ரிப்போர்ட்டில் சிவப்பா தெரியிற நம்பர்: ஏ.சி.எல் ஆபரேஷனும் வைட்டமின் டியும்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்திய வடிவம்.)



முழங்கால் லிகமென்ட் ஆபரேஷன் பத்தி முன்னாடி ஒரு எபிசோட் போட்டிருந்தேன். அதுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல திரும்பத் திரும்ப வந்த வார்த்தை ஒண்ணுதான்: வைட்டமின் டி. "லெவல் கம்மியா இருக்குன்னு சொல்றாங்க, அதனாலதான் முட்டி வலிக்குதா?" "எத்தனை மாசம் பாக்கெட் சாப்பிடணும்?" "வெயில்ல நின்னா போதாதா?"

அதுல ஒரு வாய்ஸ் நோட்டை மட்டும் சொல்றேன். கோயம்புத்தூர்ல இருந்து 24 வயசு தம்பி ஒருத்தர். ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆகுது. வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருந்ததால டாக்டர் வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட் எழுதிக் கொடுத்திருக்கார். இவர் அஞ்சு மாசமா வாராவாரம் விடாம சாப்பிட்டுட்டு இருக்கார். ஆனா பிசியோதெரபியை மூணாவது மாசமே நிறுத்தியாச்சு. "ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க ப்ரோ, ஒவ்வொரு செஷனுக்கும் காசு, ட்ராஃபிக் வேற. வைட்டமின் டி ஏறினா வலி போயிடும்ல?"

தம்பி, இன்னைக்கு எபிசோட் உங்களுக்குத்தான். ஆனா உங்களை மாதிரி நிறைய பேர் இருக்காங்க, அதனால எல்லாருக்கும் சேர்த்தே பேசறேன்.

வழக்கமா சொல்றதுதான்: நான் டாக்டர் இல்ல, கோட் எழுதிப் பிழைக்கிறவன். இதே ஆபரேஷன் செஞ்சுக்கிட்டவன், அதுக்கப்புறம் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படிச்சவன். அவ்ளோதான் தகுதி. மருந்து விஷயத்துல கடைசி வார்த்தை உங்க டாக்டரோடதுதான்.

என்னோட நம்பர்கள்

என் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். ஓ.எம்.ஆர் பக்கம் ராத்திரி டர்ஃப் ஃபுட்பால். யாரும் இடிக்கல, யாரும் தள்ளல. ஓடிட்டிருந்தவன் சட்டுனு திரும்பினேன், பாதம் தரையிலேயே நின்னுடுச்சு, முட்டி மட்டும் திரும்பிடுச்சு. ஏ.சி.எல் பெரும்பாலும் இப்படித்தான் கிழியும். திரும்பும்போது, குதிச்சு இறங்கும்போது, திடீர்னு பிரேக் போடும்போது. எம்.ஆர்.ஐ-ல முழுசா கிழிஞ்சிருக்குன்னு வந்தது.

ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரத்தப் பரிசோதனையில வைட்டமின் டி 13 நானோகிராம். பக்கத்துல சிவப்பு எழுத்துல 'குறைபாடு'. எட்டு வாரம் பாக்கெட், அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. நாலாவது மாசம் திரும்ப டெஸ்ட் எடுத்தப்போ 38. சிவப்பு போயிடுச்சு, ரிப்போர்ட் பார்க்க அழகா இருந்தது.

ஆனா படி இறங்கும்போது முட்டிக்கு முன்னால வர்ற அந்த வலி அப்படியேதான் இருந்தது.

நம்பர் சரியாயிடுச்சு, முட்டி சரியாகல. அப்போ அந்த நம்பர் என்ன சொல்லுது, என்ன சொல்லல? இன்னைக்குப் பேச்சு முழுக்க இதைப் பத்திதான்.

ஆபரேஷன்ல என்ன நடக்குது?

தொடை எலும்பையும் கால் எலும்பையும் முட்டிக்குள்ள குறுக்கா பிடிச்சுக்கிட்டு இருக்கிற நார்தான் ஏ.சி.எல். முழுசா கிழிஞ்சா பெரும்பாலும் அதைத் தைக்க மாட்டாங்க, புதுசா ஒண்ணை வைப்பாங்க. உங்க பின்தொடையில இருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழ இருந்தோ ஒரு தசைநாரை எடுத்து, ரெண்டு எலும்புலயும் துளை போட்டு, அதுக்குள்ள கோர்த்து, ஸ்க்ரூவாலயோ சின்ன உலோகப் பட்டனாலயோ இறுக்கி விடுவாங்க. இதுக்குப் பேர் கிராஃப்ட்.

அன்னைக்கு அந்தக் கிராஃப்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஸ்க்ரூவும் பட்டனும்தான். துளைக்குள்ள எலும்பு வளர்ந்து கிராஃப்ட்டோட ஒட்டணும். பின்தொடை நாரா இருந்தா அதுக்கு ஏறக்குறைய 8 முதல் 12 வாரம் ஆகும். அதே நேரத்துல, உள்ள வச்ச நார் முதல்ல பலம் இழந்து, ரத்தக் குழாய் புதுசா வளர்ந்து, மெதுமெதுவா லிகமென்ட் மாதிரி மாறணும். அது மாசக்கணக்குல நடக்கிற வேலை. ரெண்டாவது, மூணாவது மாசத்துல வலி குறைஞ்சு நடை நல்லா வந்திருக்கும், ஆனா கிராஃப்ட் பலவீனமா இருக்கிற காலமும் அதுதான். அதனாலதான் அந்த நேரத்துல "ஒரு சின்ன ஜாகிங்" போகட்டுமான்னு கேட்டா பிசியோ முறைக்கிறாங்க.

இன்னொண்ணு, காயத்துக்கும் ஆபரேஷனுக்கும் அப்புறம் அந்தக் கால்ல எடை போடாம இருக்கோம்ல, அதனால முட்டியைச் சுத்தி இருக்கிற எலும்போட அடர்த்தியும் குறையுது.

வைட்டமின் டி பேச்சு உள்ள வர்றது இங்கதான். எலும்பு வளரணும், எலும்போட நார் ஒட்டணும், தசை திரும்ப வரணும்னா, கால்சியத்தைக் குடல்ல இருந்து ரத்தத்துக்குக் கொண்டுவர்ற அந்த ஆள் குறைவா இருக்கக் கூடாதுல்ல?

தோல், கல்லீரல், சிறுநீரகம்

வைட்டமின் டி வேலை செய்யற விதம் கிட்டத்தட்ட ஹார்மோன் மாதிரி. தோல்ல இருக்கிற ஒரு வகைக் கொழுப்புப் பொருள் மேல சூரியனோட புற ஊதா பி கதிர் படும்போது டி3 உருவாகுது. அது கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம், அப்புறம் சிறுநீரகத்துல இன்னொரு மாற்றம். கடைசியா வர்ற வடிவம்தான் குடலுக்குப் போய் "கால்சியத்தை உள்ள விடு"ன்னு சொல்லுது. லேப்ல அளக்கிறது நடுவுல இருக்கிற கல்லீரல் வடிவத்தை. ரிப்போர்ட்டுல '25 ஹைட்ராக்ஸி'ன்னு இருக்கும். '1,25'னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, பேர் ஒரே மாதிரி இருக்கும். குறைபாட்டைக் கண்டுபிடிக்க அது உதவாது, குறைபாடு இருக்கும்போதே அது நார்மலா காட்டலாம். லேப்ல புக் பண்ணும்போது பேரைச் சரியா பாருங்க.

வைட்டமின் டி ரொம்பக் குறைஞ்சா கால்சியம் உள்ள வர்றது குறையும். ரத்தத்துல கால்சியம் குறையக் கூடாதுன்னு பாராதைராய்டு சுரப்பி எலும்புல இருந்து அதை எடுத்துக் கொடுக்க ஆரம்பிக்கும். ரொம்ப நாள் இப்படியே போனா எலும்பு மென்மையாகி வலிக்கும், தொடை, இடுப்புத் தசை பலவீனமாகும். நாற்காலியில இருந்து எழுந்திருக்க, படி ஏற கஷ்டமா இருக்கும். இதை மனசுல வச்சுக்கங்க. ஏன்னா ஆபரேஷனுக்கு அப்புறம் யாருக்குமே படி ஏறக் கஷ்டமாத்தான் இருக்கும். ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், குழப்பம் தொடங்கறது இங்கதான்.

"சென்னையில இருந்துக்கிட்டு வைட்டமின் டி குறையுமா, அடிக்கிற வெயிலுக்கு?" இது எங்க வீட்லயே கேட்ட கேள்வி. சென்னை 13 டிகிரி வடக்கு, வருஷம் பூரா போதுமான புற ஊதா பி கதிர் வருது. ஆனா அது நம்ம மேல படணும்ல! ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும். கார்ல, கேப்ல, ஆபீஸ்ல கண்ணாடிக்குப் பின்னால வர்ற வெயிலுக்குச் சூடு உண்டு, வைட்டமின் டி கிடையாது. அதிகாலை வெயிலும் சாயங்கால வெயிலும் இதம்தான், ஆனா அதுல இந்தக் கதிர் ரொம்பக் கம்மி. உங்க நிழல் உங்க உயரத்தை விடக் குட்டையா இருக்கிற நேரம்தான் வேலைக்கு ஆகும். அந்த நேரத்துல நாம ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கிலயோ லஞ்ச் கியூவிலயோ இருக்கோம். நம்ம தோல்ல இருக்கிற மெலனினும் இந்தக் கதிரைத் தடுக்கும், அதனால வெள்ளைத் தோல்காரங்களை விட நமக்கு அதிக நேரம் வேணும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னும் மோசம். ஊன்றுகோலோட ரெண்டாவது மாடியில உட்கார்ந்திருக்கிறவன் எங்க வெயிலுக்குப் போறது?

நம்பரை எப்படிப் படிக்கணும்?

முதல்ல அலகு. நம்ம ஊர் லேப் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம்னு கொடுப்பாங்க. வெளிநாட்டுக் கட்டுரைகள்ல நானோமோல் இருக்கும். ஒரு நானோகிராம் ஏறக்குறைய 2.5 நானோமோல். இணையத்துல "50 இருந்தா போதும்"னு படிச்சுட்டு உங்க 20-ஐப் பார்த்துப் பயப்படாதீங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

அடுத்து, எங்க கோடு போடறது? 2011-ல ரெண்டு பெரிய அமைப்புகள் ரெண்டு பதில் கொடுத்தாங்க. அமெரிக்காவோட இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், 20 நானோகிராம் பெரும்பாலானவங்களுக்குப் போதும்னு சொன்னாங்க. எண்டோகிரைன் சொசைட்டி, 20-க்குக் கீழ குறைபாடு, 30-க்கு மேல இருந்தாத்தான் போதுமானதுன்னு சொன்னாங்க. நம்ம லேப் ரிப்போர்ட்டுகள்ல வர்ற 30 அங்க இருந்து வந்ததுதான். ஆனா அதே எண்டோகிரைன் சொசைட்டி 2024-ல வெளியிட்ட புது வழிகாட்டுதல்ல அந்த 30 இலக்கைக் கைவிட்டுட்டாங்க. ஆரோக்கியமா இருக்கிற பெரியவங்களுக்கு வழக்கமா இந்த டெஸ்ட்டே எடுக்க வேணாம்னும் சொல்லியிருக்காங்க.

அப்போ உங்களுக்கு 24 வந்து, பக்கத்துல 'போதாது'ன்னு போட்டிருந்தா உலகம் இடிஞ்சு விழல. 8, 10, 12-னு வந்தா அது வேற கதை, அதைச் சரி பண்ணியே ஆகணும். எனக்கு 13. அதனால நான் சாப்பிட்டது தேவையான மருந்து, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. ஆபரேஷன் முடிஞ்ச உடனே இந்த டெஸ்ட் எடுக்காதீங்க. உடம்புல அழற்சி இருக்கும்போது இந்த நம்பர் தானாவே இறங்கும். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செஞ்சவங்களை வச்சு 2011-ல வந்த ஒரு ஆய்வுல, ரெண்டே நாள்ல அளவு சுமார் 40 சதவீதம் இறங்கியிருந்தது. ரெண்டு நாள்ல யாருக்கும் புதுசா குறைபாடு வந்துடாது. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுங்க, இல்லேன்னா வீக்கம் எல்லாம் அடங்கினப்புறம் எடுங்க. மருந்து ஆரம்பிச்சா மூணு மாசம் கழிச்சு, அதே லேப்ல திரும்ப எடுங்க. லேபுக்கு லேப் முறை மாறும், நம்பரும் மாறும்.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

வைட்டமின் டி குறைவா இருக்கிறவங்களுக்கு ஏ.சி.எல் ஆபரேஷனுக்கு அப்புறம் தசை பலம் மெதுவா வருதுன்னு ஆய்வு இருக்கா? இருக்கு. 2011-ல அமெரிக்காவுல இருந்து வந்த ஒண்ணு, இணையத்துல எல்லாரும் காட்டறது. 30-க்குக் கீழ இருந்தவங்களுக்குத் தொடை பலம் திரும்பறது குறைவா இருந்ததுன்னு சொல்லுது. ஆனா அது சின்ன ஆய்வு. அதோட, வைட்டமின் டி குறைவா இருக்கிறவர் யாருன்னு யோசிங்க. வெளியே போகாதவர், உடல் எடை கூடினவர், ஏற்கனவே உடற்பயிற்சி கம்மியா செய்யறவர். அவருக்குப் பலம் மெதுவா வந்தா, காரணம் வைட்டமினா, வாழ்க்கை முறையா? ரெண்டும் சேர்ந்து போகுதுங்கிறதால ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு ஆயிடாது. ப்ரொடக்ஷன்ல சர்வர் விழுந்த நேரத்துல டாஷ்போர்டுல ஒரு சிவப்பு அலர்ட் இருந்தா, அதுதான் காரணம்னு உடனே முடிவு கட்ட மாட்டோம்ல? அதே நியாயம்தான்.

உண்மையிலேயே காரணமான்னு பார்க்க, ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொரு குழுவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்க்கணும். முழங்கால்ல அப்படிப் பார்த்திருக்காங்க. 2016-ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஆய்வு: மூட்டுத் தேய்மானமும் இருக்கு, வைட்டமின் டி அளவும் குறைவு, அப்படிப்பட்ட 413 பேர். மாசம் 50,000 யூனிட், ரெண்டு வருஷம். ரத்தத்துல நம்பர் நல்லா ஏறிச்சு. ஆனா குருத்தெலும்புத் தேய்மானத்துலயோ, முட்டி வலியிலயோ, வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களோட ஒப்பிட்டா குறிப்பிடும்படி வித்தியாசம் இல்ல. அமெரிக்காவுல 25,871 பேரை வச்சு நடந்த 'வைட்டல்' ஆய்வுல தினமும் 2,000 யூனிட் கொடுத்தாங்க. அதுல நாள்பட்ட முட்டி வலி இருந்தவங்களைத் தனியா பார்த்தப்பவும் வலி குறையல, எலும்பு முறிவும் குறையல.

நியாயமா ரெண்டு விஷயம் சொல்லணும். இவங்க நம்மள விட வயசானவங்க, ஏ.சி.எல் ஆபரேஷன் செஞ்சவங்க இல்ல. 'வைட்டல்'ல இருந்த பெரும்பாலானவங்களுக்குக் குறைபாடே கிடையாது. அதனால "வைட்டமின் டி வேஸ்ட்"னு நான் சொல்லல. நான் எடுத்துக்கிட்டது இதுதான்: கடுமையான குறைபாடு இருந்தா அதை நீக்கணும், அது எலும்புக்கும் தசைக்கும் அடிப்படை. ஆனா குறைபாடு நீங்கினப்புறம் இன்னும் ஏத்தினா முட்டி இன்னும் நல்லாகும்னு நம்பறதுக்கு ஆதாரம் இல்ல.

அப்போ படி இறங்கும்போது ஏன் வலிக்குது?

என் பிசியோ ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ரெண்டு கால் பலத்தையும் அளந்து பார்த்தாச்சா?" மெஷின்ல உட்கார வச்சு, காலை நீட்டித் தள்ளச் சொல்லி, ரெண்டு பக்கமும் அளந்தாங்க. ஆபரேஷன் செஞ்ச காலோட முன்தொடை தசை, மறு காலோட பலத்துல 62 சதவீதம். ரத்த ரிப்போர்ட்ல 38-னு பச்சை, இங்க 62-னு சிவப்பு. இந்தச் சிவப்பு எந்த லேப் ரிப்போர்ட்லயும் வராது.

இது ஏன் வருது? சோம்பேறித்தனம் இல்ல. முட்டிக்குள்ள வீக்கம் இருந்தா, அங்க இருந்து போற நரம்புச் செய்தி முன்தொடை தசையை அடக்கி வைக்குது. நீங்க முழுசா இறுக்கணும்னு நினைச்சாலும் தசை முழுசா வேலைக்கு வராது. ஆபரேஷன் முடிஞ்ச வாரம், "காலை நேரா நீட்டித் தூக்குங்க"ன்னு சொன்னப்போ கால் அசையவே இல்லைன்னு நிறைய பேர் சொல்லியிருக்கீங்க. அது இதுதான். வேலைக்கு வராத தசை வேகமா இளைக்கும். படி இறங்கும்போது உடம்பு எடையைத் தாங்கி மெதுவா கீழ விடற வேலை முன்தொடை தசையோடது. அது பாதிப் பலத்துல இருந்தா முட்டிச் சில்லு பக்கம் வலிக்கத்தான் செய்யும்.

இதுக்கு மருந்து பாரம்தான். வாரத்துக்கு மூணு நாள், எடையைப் படிப்படியா ஏத்தி, ஒத்தைக் கால்ல லெக் பிரஸ், ஸ்டெப் டவுன், ஸ்க்வாட். எந்த மாசம் எது செய்யலாங்கிறதை பிசியோ சொல்லணும், சீக்கிரமா ஏத்தினா கிராஃப்ட்டுக்கு ஆபத்து. எனக்கு ஏழாவது மாசம் 81 வந்தது, படி வலி கிட்டத்தட்ட போயிடுச்சு. ஒன்பதாவது மாசம் 91. ஒரு ஆளோட கதை ஆதாரம் ஆகாது, தெரியும். அதனால ஆய்வையும் சொல்றேன்.

நார்வேயோட ஆஸ்லோவையும் அமெரிக்காவோட டெலவேரையும் சேர்த்து 2016-ல வந்த ஆய்வு, 106 பேர். விளையாட்டுக்குத் திரும்பறதை ஒன்பது மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசமா தள்ளிப்போடத் தள்ளிப்போட, முட்டி திரும்ப அடிபடற விகிதம் மாசத்துக்கு சுமார் பாதியா குறைஞ்சது. திரும்பப் போறதுக்கு முன்னாடி ரெண்டு முன்தொடைக்கும் பலம் கிட்டத்தட்ட சமமா இருந்தவங்களுக்கும் அடிபடறது குறைவா இருந்தது. பிசியோ எல்லாரும் 90 சதவீதம்னு சொல்றது சும்மா இல்ல.

இது விளையாட்டு பத்தின கவலை மட்டும் இல்ல. ஏ.சி.எல்லோ மெனிஸ்கஸோ கிழிஞ்சவங்கள்ல சராசரியா பாதிப் பேருக்கு 10 முதல் 20 வருஷத்துக்குள்ள மூட்டுத் தேய்மானம் வருதுன்னு கணக்கு. 25 வயசுல கிழிஞ்சா, 40 வயசுல பெரியவங்களோட மூட்டு. நம்ம முன்னாடி இருக்கிற நிஜப் பிரச்சனை அதுதான்.

பாக்கெட் கணக்கு

இப்போ கோயம்புத்தூர்த் தம்பியோட கணக்கைப் போடுவோம். பெரியவங்களுக்குத் தினசரித் தேவை 600 யூனிட். டாக்டர் மேற்பார்வை இல்லாம தினமும் எடுத்துக்கலாங்கிற மேல் எல்லை 4,000. வாரம் 60,000-ன்னா ஒரு நாளைக்கு சராசரியா 8,500-க்கு மேல. மேல் எல்லையோட ரெண்டு மடங்கு. குறைபாடு இருக்கிறவங்களுக்கு எட்டு வாரம் கொடுக்கலாம், அது சிகிச்சை. மொத்தம் 4,80,000. அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒண்ணுன்னா ஒரு நாளைக்கு 2,000, அது எல்லைக்குள்ள வந்துடுது. தம்பி 20 வாரம் சாப்பிட்டிருக்கார். 12,00,000 யூனிட்.

வைட்டமின் சி கூடினா சிறுநீர்ல போயிடும். டி அப்படி இல்ல, கொழுப்புல தங்கும். ரொம்பக் கூடினா ரத்தத்துல கால்சியம் ஏறும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகக் கல், கடைசியில சிறுநீரகமே பாதிக்கலாம். இந்த நச்சு நிலை பொதுவா ரத்தத்துல 150 நானோகிராமைத் தாண்டும்போதுதான் வரும். தம்பிக்கு வந்திருக்கும்னு நான் சொல்லல, பெரும்பாலும் வந்திருக்காது. ஆனா யாரும் அளக்கலங்கிறதுதான் விஷயம்.

"ஒரே ஊசியில முடிச்சுக்கலாமே"ன்னு கேட்கறவங்களுக்கு: 2010-ல ஆஸ்திரேலியாவுல 70 வயசு தாண்டின 2,256 பெண்களை வச்சு ஒரு ஆய்வு. வருஷத்துக்கு ஒரே தடவை 5,00,000 யூனிட் கொடுத்தாங்க. கீழே விழறது குறையும்னு எதிர்பார்த்தாங்க. ஆனா மருந்து சாப்பிட்டவங்கதான் அதிகமா விழுந்தாங்க, எலும்பு முறிவும் அவங்களுக்குத்தான் அதிகம். மொத்தமா கொட்டினா நல்லதுன்னு உடம்பு நினைக்கிறதில்ல.

சாப்பாட்டைப் பத்தி ஒரு நிமிஷம். மத்தி, கானாங்கெளுத்தி, முட்டை மஞ்சள் கரு, செறிவூட்டின பால். பால் பாக்கெட்ல பிளஸ் குறியோட 'எஃப்' போட்டிருந்தா அது செறிவூட்டினது. கடுமையான குறைபாட்டைச் சாப்பாடு மட்டும் சரி பண்ணாது, ஆனா சரி பண்ணினதைத் தக்க வச்சுக்க உதவும். மாத்திரையை வெறும் வயித்துல போடாம, கொழுப்பு கொஞ்சம் இருக்கிற சாப்பாட்டோட எடுங்க. தசைக்குப் புரதம் வேணும், எலும்புக்குக் கால்சியம் வேணும். பருப்பு, முட்டை, தயிர், மீன், கேழ்வரகு, நம்ம அடுப்படியிலேயே இருக்கு.

தம்பிக்கும், மத்தவங்களுக்கும்

பாக்கெட் ஏன் இவ்ளோ பிரபலம்னு எனக்குப் புரியுது. சில பத்து ரூபாய், ஒரு நிமிஷம், பால்ல கலக்கிக் குடிச்சா வேலை முடிஞ்சது. பிசியோ ஒவ்வொரு தடவையும் சில நூறு ரூபாய், போக வர ஒரு மணி நேரம், அதுவும் மாசக்கணக்குல. ஆபீஸ் இன்ஷூரன்ஸ் ஆபரேஷனுக்குக் கொடுக்கும், அதுக்கப்புறம் வர்ற ஒன்பது மாசத்துக்குப் பெரும்பாலும் கைவிரிச்சுடும். சுலபமா சரி பண்ண முடியிற நம்பர் மேல நம்ம கண் போறது இயல்புதான்.

அதனால நடைமுறையில என்ன செய்யலாம்னு வரிசையா சொல்றேன்.

ஒண்ணு. எட்டு வாரத்துக்கு மேல வாராந்திரப் பாக்கெட் ஓடிட்டு இருந்தா, இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. வைட்டமின் டி, கால்சியம், கிரியாட்டினின் மூணும் பார்க்கணுமான்னு கேளுங்க. அடுத்த பாக்கெட்டை அவரைக் கேட்டப்புறம் பிரிங்க.

ரெண்டு. தினமும் பிசியோ சென்டர் போக முடியலைன்னா அதை வெளிப்படையா சொல்லுங்க. "வீட்லயே செய்யற மாதிரி எழுதிக் கொடுங்க, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை வந்து காட்டறேன்"னு கேளுங்க. நல்ல பிசியோ மறுக்க மாட்டாங்க. ஒரு படிக்கட்டும், நாற்காலியும், கொஞ்சம் எடையும் இருந்தா நிறைய செய்யலாம்.

மூணு. ரெண்டு கால் பலத்தையும் அளந்து, நம்பரை எழுதி வாங்குங்க. மெஷின் இல்லாத இடத்துல ஒத்தைக் கால்ல நாற்காலியில இருந்து எழறது மாதிரி எளிய சோதனைகளும் இருக்கு. வைட்டமின் டி ரிப்போர்ட்டோட இதையும் சேர்த்து ஃபைல்ல வைங்க.

நாலு. முட்டி திடீர்னு வீங்கினா, மடங்கிக் கொடுத்தா, பூட்டினா மாதிரி நின்னுட்டா, காய்ச்சலோட சூடா இருந்தா, கெண்டைக்கால் வீங்கி வலிச்சா, அது வைட்டமின் சமாச்சாரமும் இல்ல, தசைச் சமாச்சாரமும் இல்ல. அன்னைக்கே மருத்துவமனை.

அஞ்சு. ஆபரேஷனே இனிமேதான்னா, முன்னாடியே வைட்டமின் டி பத்தி சர்ஜன்கிட்ட பேசிடுங்க. முன்தொடைக்குப் பயிற்சியும் அப்பவே தொடங்கலாமான்னு கேளுங்க. பலமான தொடையோட ஆபரேஷனுக்குள்ள போறவங்களுக்குப் பின்னாடி வர்ற மாசங்கள் கொஞ்சம் லேசா இருக்கும்.

தம்பி, உங்க கேள்விக்கு நேர் பதில்: வைட்டமின் டி ஏறினா மட்டும் அந்த வலி போகாது. உங்களுக்கு அஞ்சு மாசம்தான் ஆகுது, தொடையைத் திரும்பக் கட்ட இன்னும் நேரம் இருக்கு. பிசியோ போய் அளந்த நம்பரை எனக்கு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க, எவ்ளோ கம்மியா இருந்தாலும் பரவாயில்ல.

இந்த எபிசோடை, முட்டியில பிரேஸ் போட்டு உட்கார்ந்திருக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு ஃபார்வேர்ட் பண்ணுங்க. கேட்டு முடிச்சதும் எழுந்து அஞ்சு தடவை காலை நீட்டித் தூக்கச் சொல்லுங்க. அடுத்த வாரம் தூக்கம் பத்திப் பேசலாம், நைட் ஷிஃப்ட் மக்கள் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதுவரைக்கும் பார்த்து இருங்க.